எண் சொல்வது பாதி, காலம் சொல்வது மீதி



நம் கருத்தரங்கில் மருத்துவம் தொடர்பான தலைப்பு எதுவாக இருந்தாலும், தொலைபேசி வழி வரும் கேள்விகளில் ஒன்றாவது இப்படி இருக்கும். "அப்பாவுக்கு இனிப்பு நீர். போன தடவை சிறுநீரகச் சோதனையில் எண் இவ்வளவு இருந்தது. இந்தத் தடவை இவ்வளவு ஆகிவிட்டது. இன்னும் எத்தனை நாளில் டயலிசிஸ் போக வேண்டி வரும்?" கேட்பவரின் குரலில் பயம் இருக்கும். பதில் சொல்லும் மருத்துவரோ, "அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதம்மா" என்று மென்மையாக ஒதுங்கிக் கொள்வார்.

அந்தக் கேள்வியைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஒன்றல்ல, இரண்டு கேள்விகள் அதில் ஒட்டிக் கொண்டிருக்கின்றன. முதலாவது எண்ணைப் பற்றியது: மூன்று மாதத்திற்கு ஒருமுறை, ஆறு மாதத்திற்கு ஒருமுறை கிளினிக் புத்தகத்தில் ஏறிக் கொண்டே போகும் அளவுகள். இரண்டாவது காலத்தைப் பற்றியது: ஒரு நிகழ்வு, அது டயலிசிஸ் ஆகலாம், நோய் முற்றுவதாகலாம், மரணமாகலாம், வந்து சேர எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது. புள்ளியியல் துறையில் இவை இரண்டையும் நெடுங்காலம் இரு வேறு கூட்டத்தார் தனித்தனியாக ஆராய்ந்து வந்தார்கள். இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் முறை 1990-ஆம் ஆண்டுகளில்தான் உருப்பெற்றது. கூட்டு மாதிரி என்று அதைத் தமிழில் சொல்லலாம். நான் படித்தது தகவல் ஊடகத் துறை, கணிதம் அல்ல. அதனால் சூத்திரம் எதுவும் இல்லாமலே இதைப் பேசப் போகிறேன். பயப்பட வேண்டாம்.

முடியாத கதைகளை எப்படி எண்ணுவது?

முதலில் காலத்தை எடுத்துக் கொள்வோம். ஒரு நோய் கண்டவர்கள் சராசரியாக எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள் என்று கணக்கிடுவது எளிது போல் தோன்றும். எல்லாருடைய ஆண்டுகளையும் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது. ஆனால் ஆய்வு முடியும் நாளில் பாதிப் பேர் நல்லபடியாக உயிரோடு இருப்பார்கள். சிலர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்திருப்பார்கள். அவர்களுடைய கதை இன்னும் முடியவில்லை. முடியாத கதைக்கு என்ன எண் போடுவது?

ஒரு சிறிய கணக்கு. பத்து நோயாளிகள். ஆறாவது மாதத்தில் ஒருவர் இறக்கிறார். பத்தில் ஒன்பது பேர் தாண்டினார்கள், அதாவது 90 விழுக்காடு. அதற்குப் பிறகு இரண்டு பேர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள்; என்ன ஆனார்கள் என்று தெரியாது. பத்தாவது மாதத்தில் மீதமிருக்கும் ஏழு பேரில் ஒருவர் இறக்கிறார். அந்தக் கட்டத்தை ஏழில் ஆறு பேர் தாண்டினார்கள். இரண்டையும் பெருக்கினால் சுமார் 77 விழுக்காடு வருகிறது. காணாமல் போன இருவரையும் அடியோடு நீக்கியிருந்தால் 75 வந்திருக்கும். அவர்கள் நிச்சயம் உயிரோடு இருக்கிறார்கள் என்று வைத்திருந்தால் 80. இந்த முறையோ அவர்கள் வந்து போன மாதங்களுக்கு மதிப்புக் கொடுக்கிறது, வராத மாதங்களுக்குக் கற்பனை எதுவும் செய்வதில்லை.

இந்த முறையை 1958-இல் வெளியிட்டவர்கள் எட்வர்ட் கப்லான், பால் மையர் என்ற இரு அமெரிக்கர்கள். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் அல்லர். மையர் புற்றுநோய்க்காரர்களின் ஆயுளை ஆராய்ந்து கொண்டிருந்தார். கப்லான் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் கடலடித் தொலைபேசிக் கம்பிகளில் பொருத்தும் வெற்றிடக் குழாய்கள் எத்தனை காலம் உழைக்கும் என்று பார்த்துக் கொண்டிருந்தார். கடலுக்கடியில் போய்க் குழாய் மாற்றுவது லேசான காரியமா! இருவரும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்து, ஒரே சஞ்சிகைக்கு அனுப்ப, சேர்ந்து ஒரு கட்டுரையாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கான கடிதப் போக்குவரத்தே நான்கு ஆண்டுகள் நீண்டதாம். இன்று எந்த மருத்துவ சஞ்சிகையைப் புரட்டினாலும் படிக்கட்டு போல இறங்கும் ஒரு கோடு கண்ணில் படும். அது இவர்களுடைய கோடு.

அடுத்த பெரிய அடி 1972-இல் வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்த டேவிட் காக்ஸ், வயது, மருந்து, இரத்த அழுத்தம் போன்ற காரணங்கள் ஒவ்வொன்றும் ஆபத்தை எத்தனை மடங்கு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று பிரித்துக் காட்டும் வழியைக் கண்டார். ஆபத்து என்று இங்கே சொல்வது, இந்தக் கணம் வரை நிகழ்வு நேராமல் இருக்கும் ஒருவருக்கு அடுத்த கணம் அது நேரக்கூடிய வேகம். அடிப்படை ஆபத்து எவ்வளவு என்று தெரியாமலேயே ஒப்பீட்டை மட்டும் சரியாகக் கணக்கிடலாம் என்பதுதான் அவர் கண்ட சூட்சுமம். புள்ளியியலுக்கான அனைத்துலகப் பரிசு முதன்முதலில் இவருக்கே வழங்கப்பட்டது. 2022-இல் தமது 97-ஆவது வயதில் காலமானார்.

இந்த வகைக் கணக்கில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. நாளைக்குத் தெரியப் போகும் செய்தியை நேற்றைய கணக்கில் சேர்க்கக் கூடாது. திரைத்துறை சார்ந்த ஓர் உதாரணம் சொல்கிறேன், என் தொழிலுக்கும் பொருத்தமாக இருக்கும். ஆஸ்கார் விருது வாங்கிய நடிகர்கள் மற்ற நடிகர்களைவிட ஏறக்குறைய 4 ஆண்டுகள் அதிகம் வாழ்கிறார்கள் என்று 2001-இல் ஓர் ஆய்வு வெளிவந்து உலகெங்கும் செய்தியானது. ஆனால் விருது வாங்க வேண்டுமென்றால் அந்த வயதுவரை உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? அறுபது வயதில் விருது வாங்கியவரின் அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளையும் விருதின் கணக்கில் எழுதிவிட்டால், விருது ஆயுளைக் கூட்டியது போலத்தான் தெரியும். 2006-இல் வேறு ஆய்வாளர்கள் விருது கிடைத்த நாளிலிருந்து மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தபோது வித்தியாசம் சுமார் ஓராண்டாகச் சுருங்கியது. அதுவும் தற்செயலாக வந்திருக்கக் கூடிய அளவுதான்.

கிளினிக் புத்தகத்தின் எண்கள்

இப்போது மறுபக்கம். ஒருவரிடமிருந்து திரும்பத் திரும்ப எடுக்கும் அளவுகளுக்கு ஒரு குணம் உண்டு. அவை ஆடும். இரத்த அழுத்தம் தாதியின் முகத்தைப் பார்த்ததுமே ஏறும். எச்.ஐ.வி. நோயாளிகளிடம் எடுக்கும் சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை, அதே ஆளிடம் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கும். ஆகவே புத்தகத்தில் எழுதியிருக்கும் எண், உடம்பின் உண்மை நிலையும் தற்செயலான ஆட்டமும் கலந்தது.

ஆட்டத்துக்குப் பின்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு பாதை இருக்கிறது. இரண்டு பேருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறனின் எண் இன்று 40 என்று வைத்துக் கொள்வோம். ஒருவருக்கு ஐந்து ஆண்டுகளாகவே 40, 41, 39 என்று அங்கேயே நிற்கிறது. இன்னொருவருக்கு இரண்டு ஆண்டுக்கு முன் 70, சென்ற ஆண்டு 55, இன்று 40. எண் ஒன்றுதான். இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்களா? இல்லை, ஒருவர் நின்று கொண்டிருக்கிறார், இன்னொருவர் சரிந்து கொண்டிருக்கிறார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான் லேர்ட், ஜேம்ஸ் வேர் ஆகிய இருவரும் 1982-இல் எழுதிய கட்டுரை, கூட்டத்துக்குப் பொதுவான ஒரு பாதையையும், அதிலிருந்து ஒவ்வொருவரும் விலகிச் செல்லும் சொந்தப் பாதையையும் ஒருசேரக் கணக்கிட வழி செய்தது. புத்தகத்தில் நான்கே அளவுகள் உள்ளவருக்கும் நாற்பது அளவுகள் உள்ளவருக்கும் அது பொருந்தும்.

சரி, காலத்துக்கு ஒரு கணக்கு, எண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கிறதே, கிளினிக் எண்களை அப்படியே காக்ஸ் கணக்கில் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். போடலாம், பலர் போட்டார்கள். ஆனால் விடை சரியாக வராது. அளவு எடுத்த நாளில் மட்டுமே எண் தெரியும். ஜனவரியில் எடுத்த எண்ணே ஜூன் வரை மாறாமல் இருந்ததாக அந்தக் கணக்கு எடுத்துக் கொள்ளும். எண்ணில் கலந்த ஆட்டத்தை உண்மை என்று நம்பும். அப்படி நம்பினால் எண்ணுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு உள்ளதைவிட வலுக்குறைந்து தெரியும். கலங்கிய கண்ணாடி வழியாகப் பார்த்து, தூரத்து மலை அவ்வளவு உயரமில்லை என்று சொல்வது போலத்தான்.

மூன்றாவது சிக்கல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நோயாளி இறந்தால் எண்களும் நின்றுவிடுகின்றன. நோய் முற்றியவர் கிளினிக்குக்கு வருவதை நிறுத்தினாலும் நின்றுவிடுகின்றன.

எங்கள் தொழிலில் இது தினமும் நடப்பது. ஒரு மணி நேர நிகழ்ச்சியின் கடைசி நிமிடத்தில் யார் பார்த்துக் கொண்டிருக்கிறார்களோ அவர்களை மட்டும் கேட்டால், "அருமையான நிகழ்ச்சி" என்றுதான் சொல்வார்கள். பிடிக்காதவர் பத்தாவது நிமிடத்திலேயே ரிமோட்டை அழுத்திவிட்டு அடுத்த அலைவரிசைக்குப் போயிருப்பார். நேரம் ஆக ஆக நேயர்களின் மனநிறைவு கூடிக் கொண்டே போனது என்று அதை வைத்து ஒரு வரைபடம் போட்டால் மேலதிகாரிக்கு மகிழ்ச்சியாக இருக்கும், உண்மையாக இருக்காது.

மருத்துவத்தில் இதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம் ஒன்று உண்டு. மனச்சிதைவு நோய்க்கான மருந்துகளைச் சோதித்த ஓர் எட்டு வார ஆய்வில் 523 பேர் சேர்ந்தார்கள். சிலருக்குப் புதிய மருந்து, சிலருக்குப் பழைய மருந்து, சிலருக்கு வெறும் மாத்திரை. அவ்வப்போது ஒரு மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண் கூடினால் நோய் மோசம் என்று பொருள். எட்டு வார முடிவில் ஏறத்தாழ பாதிப் பேர் விலகிவிட்டிருந்தார்கள். எஞ்சியவர்களின் சராசரியைப் பார்த்தால் எல்லாருக்கும் குணம் தெரிகிறது, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக்கூட! ஆனால் குணமில்லை என்று விலகியவர்களின் ஏட்டைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, அவர்கள் போவதற்கு முன் மதிப்பெண் ஏறிக் கொண்டே போயிருந்தது. கஷ்டப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, வெளியேற, சராசரி தானாகவே இறங்கியிருக்கிறது. ஹெண்டர்சன், டிகிள், டாப்சன் ஆகிய மூவர் 2000-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இந்த ஏடுகளைக் கொண்டுதான் மதிப்பெண்ணையும் விலகிய நாளையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் வழியைக் காட்டியது. போனவர்களும் ஏதோ சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள், கேட்க நமக்குத்தான் ஒரு முறை வேண்டியிருந்தது.

எய்ட்ஸ் காலத்து அவசரம்

இந்த முறையைப் பிறக்க வைத்தது எய்ட்ஸ். 1980-களின் இறுதியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பீதி தெரியும். முதல் மருந்தான ஏ.இசட்.டி. 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்தடுத்த மருந்துகள் வரிசையில் காத்திருந்தன. ஒரு மருந்து ஆயுளைக் கூட்டுகிறதா என்று நிரூபிக்க வேண்டுமானால் போதிய எண்ணிக்கையில் நோயாளிகள் இறக்கும்வரை காத்திருக்க வேண்டும். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் உயிர்பிழைப்புக் கணக்கின் அடிப்படை அதுதான். இளைஞர்கள் மாண்டு கொண்டிருந்தபோது, இன்னும் மூன்று ஆண்டு பொறுங்கள் என்று யாரிடம் சொல்வது?

அதனால் குறுக்கு வழி ஒன்று தேடினார்கள். எச்.ஐ.வி. கிருமி சி.டி.4 அணுக்களைத்தான் அழிக்கிறது. அந்த எண்ணிக்கை குறையக் குறைய நோய் முற்றுகிறது. அப்படியானால் மருந்து கொடுத்ததும் சி.டி.4 கூடினால் போதாதா, அதுவே மருந்து வேலை செய்வதற்குச் சாட்சியாகாதா? நியாயமான எண்ணம்தான். மரணத்துக்குப் பதில் ஓர் அளவை நிற்க வைப்பது. இத்தகைய அளவைப் பதிலி என்று சொல்வோம். பதிலி அளவுகளை நம்பி மருந்துகளுக்கு விரைவு அனுமதி தரும் விதிமுறையை அமெரிக்க அரசு 1992-இல் கொண்டு வந்தது.

பிறகு 1994-இல் கான்கார்ட் ஆய்வின் முடிவு வந்தது. பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நாடுகளில், எச்.ஐ.வி. கிருமி இருந்தும் நோய் அறிகுறி இல்லாத 1,749 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு அது. பாதிப் பேருக்கு உடனே ஏ.இசட்.டி., மற்றப் பாதிக்கு அறிகுறி தெரிந்த பிறகு ஏ.இசட்.டி. உடனே மருந்து சாப்பிட்டவர்களுக்கு சி.டி.4 கூடுதலாகத்தான் இருந்தது. மூன்று மாதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது, அது கடைசிவரை நீடிக்கவும் செய்தது. குறுக்கு வழிக் கணக்குப்படி இது வெற்றி. ஆனால் மூன்று ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் உடனே சாப்பிட்ட பிரிவில் 92 விழுக்காடு, பிறகு சாப்பிட்ட பிரிவில் 94 விழுக்காடு. ஆயுளில் எந்த ஆதாயமும் தெரியவில்லை. எண் நல்ல செய்தி சொன்னது, காலம் அதை வழிமொழியவில்லை.

அப்படியென்றால் சி.டி.4 பயனற்ற எண்ணா? இல்லவே இல்லை. அது குறைந்தவர்கள் விரைவில் இறந்தார்கள் என்பது கண்முன் நடந்தது. ஆபத்தைக் காட்டும் எண் வேறு, மருந்தின் பயனை அளக்கப் போதுமான எண் வேறு. மழைமேகம் மழையைக் காட்டும்தான். மேகத்துக்கு வெள்ளை அடித்தால் மழை நிற்குமா?

இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு வரத்தான் சியாட்டிஸ், டிகுருட்டோலா, வுல்ஃப்சோன் ஆகியோர் முனைந்தார்கள். 1995-இல் வந்த கட்டுரையில் இரண்டு படிகள் வைத்தார்கள். முதல் படியில் ஒவ்வொரு நோயாளியின் ஆடும் சி.டி.4 எண்களிலிருந்து ஆட்டமில்லாத பாதையை மதிப்பிட்டார்கள். அடுத்த படியில் அந்தப் பாதையைக் காக்ஸ் கணக்கில் சேர்த்தார்கள். ஓர் எய்ட்ஸ் மருந்துச் சோதனையின் ஏடுகளில் அதைப் பொருத்திப் பார்த்துவிட்டு அவர்கள் வந்த முடிவு: சி.டி.4 எண்ணுக்கும் உயிர்பிழைப்புக்கும் வலுவான தொடர்பு உண்டு, ஆனாலும் அந்த நோயாளிகளில் மருந்தை எடைபோட அதை மட்டும் பதிலியாக நம்ப முடியாது. 1997-இல் வுல்ஃப்சோனும் சியாட்டிஸும் இரண்டு படிகளையும் ஒரே படியாக இணைத்தார்கள். கூட்டு மாதிரி என்று இன்று சொல்வதற்கு அதுவே அடித்தளம்.

ஏன் ஒரே படியாக வேண்டும்? ஒரு வழக்கில் இரண்டு சாட்சிகள் இருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். முதல் சாட்சி அடிக்கடி வந்து பேசுகிறார், ஆனால் தடுமாறிப் பேசுகிறார். அதுதான் கிளினிக் எண்கள். இரண்டாவது சாட்சி ஒரே ஒரு முறைதான் வாய் திறக்கிறார், ஆனால் தெளிவாகச் சொல்கிறார். அதுதான் நிகழ்வு நேர்ந்த நாள், அல்லது இந்த நாள்வரை நேரவில்லை என்ற செய்தி. இருவரும் பார்த்தது ஒன்றையே, அந்த நோயாளியின் உடம்புக்குள் ஓடும் மறைவான பாதையை. முதல் சாட்சியை மட்டும் விசாரித்துத் தீர்ப்பை எழுதிவிட்டு, பிறகு இரண்டாமவரைக் கூப்பிட்டால் அவர் சொல்வது வீணாகிவிடும். ஒருவர் ஐந்தாவது மாதத்திலேயே இறந்தார் என்ற செய்தி, அவர் பாதை கடைசி நாட்களில் நாம் நினைத்ததைவிடக் கீழே போயிருக்கலாம் என்று நமக்குச் சொல்கிறது. கூட்டு மாதிரியில் கணினி ஒரு பாதையை ஊகிக்கும். அந்தப் பாதை எண்களுக்கும் ஒத்துப் போகிறதா, நிகழ்ந்த காலத்துக்கும் ஒத்துப் போகிறதா என்று பார்க்கும். ஒத்துப் போகும் அளவுக்கு ஏற்ப அந்த ஊகத்துக்கு எடை கொடுக்கும். எல்லா நோயாளிகளுக்கும் இதையே ஆயிரக்கணக்கான முறை திருப்பிச் செய்யும்.

பாதையின் எந்தப் பகுதி ஆபத்தை ஏற்றுகிறது என்பதையும் இதில் கேட்டுப் பார்க்கலாம். இன்றைய மட்டமா? ஏறும் அல்லது இறங்கும் வேகமா? அல்லது இத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்து போன மொத்தமா? முன்பு சொன்ன அந்த இரண்டு நாற்பதுகளையும் பிரித்துப் பார்க்கும் கேள்வி இது.

1996-க்குப் பிறகு பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்து எய்ட்ஸின் கதையே மாறியது. அதற்காகப் பிறந்த கணக்குமுறை மற்ற நோய்களுக்குக் குடிபெயர்ந்தது.

ஒவ்வொரு வருகையிலும் புதிய பதில்

இதைக் கற்பிப்பவர்கள் பெரும்பாலும் எடுத்துக் கொள்ளும் ஏடு ஒன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்தது. கல்லீரலின் பித்தக் குழாய்களைச் சிறிது சிறிதாக அழிக்கும் ஒரு நோய்க்கு, 1974 முதல் 1984 வரை 312 பேரைச் சேர்த்து பெனிசிலமின் என்ற மருந்தைச் சோதித்தார்கள். மருந்து ஆயுளைக் கூட்டவில்லை. ஆனால் அந்த நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் வந்து கொடுத்த இரத்தத்தின் அளவுகள் பத்திரமாக இருந்தன. அவற்றில் மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபின் என்ற நிறமியின் ஏற்றம் மரணத்தின் ஆபத்தோடு நெருங்கிய தொடர்புடையது. தோற்றுப்போன மருந்தின் ஏடு, அரை நூற்றாண்டு கழித்தும் உலகெங்கும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொண்டிருக்கிறது.

அந்த ஏட்டில் இந்த முறையின் பெரிய பயன் தெளிவாகத் தெரியும். ஒரு புதிய நோயாளி முதல் முறை வருகிறார். ஒரே ஓர் எண்தான் இருக்கிறது. அடுத்த இரண்டு ஆண்டு அவர் நலமாக இருக்கும் வாய்ப்பு இவ்வளவு என்று ஒரு மதிப்பீடு வரும். ஆனால் அதன் ஓரங்கள் அகலமாக இருக்கும். ஆறு மாதம் கழித்து மீண்டும் வருகிறார். புதிய எண் சேர்கிறது. கூடவே இன்னொரு செய்தியும் சேர்கிறது: ஆறு மாதத்தைத் தாண்டி அவர் நடந்து வந்திருக்கிறார்! மதிப்பீடு திருத்தப்படுகிறது. ஒவ்வொரு வருகையிலும் இப்படி. ஒரே தீர்ப்பை நெற்றியில் எழுதி அனுப்பும் பழக்கத்தைவிட இது எனக்கு மனிதத்தன்மையுள்ளதாகத் தோன்றுகிறது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரத்தில் எராஸ்மஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த டிமிட்ரிஸ் ரிசோபுலோஸ் இதற்கான கணினி நிரலை 2010-இல் இலவசமாகவே வெளியிட்டார். அதன் பிறகுதான் பெரும் கணிதப் பின்னணி இல்லாத ஆய்வாளர்களும் இதைக் கையில் எடுத்தார்கள்.

அதே ரோட்டர்டாம் குழு புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயில் இதைப் பயன்படுத்திய விதம் நம் வீட்டு ஆண்களுக்குத் தெரிய வேண்டியது. ஆபத்துக் குறைந்த புற்றுநோய் என்று தெரிந்தால் உடனே அறுவை சிகிச்சை செய்யாமல் கண்காணித்து வருவது இப்போது பல நாடுகளில் வழக்கம். அந்தக் கண்காணிப்பில் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை அடிக்கடி உண்டு. அது சுலபம். ஆனால் ஊசியால் சதையை எடுத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. அது வலிக்கும், கிருமி தொற்றவும் கூடும். 2006-இல் தொடங்கிய பிரியாஸ் என்ற பன்னாட்டுக் கண்காணிப்புத் திட்டத்தில் முதல், நான்காம், ஏழாம், பத்தாம் ஆண்டுகளில் இந்தச் சோதனை என்று வகுத்திருந்தார்கள், பி.எஸ்.ஏ. வேகமாக ஏறினால் ஆண்டுதோறும். நோய் அசையாமல் கிடப்பவருக்கும் ஊசி, ஓடிக் கொண்டிருப்பவருக்கும் அதே நாளில் ஊசி. ஒவ்வொருவரின் பி.எஸ்.ஏ. பாதையையும் முந்தைய சோதனை முடிவுகளையும் கூட்டு மாதிரியில் வைத்து, இவருக்கு அடுத்த சோதனை எப்போது தேவைப்படும் என்று ஆளுக்கேற்பத் தேதி குறிக்கும் வழியை அந்தக் குழு 2019-இல் வெளியிட்டது. தேவையில்லாத ஊசியும் குறையும், நோய் முற்றுவதைக் கண்டுபிடிக்கும் தாமதமும் குறையும் என்பது நோக்கம்.

இதைப் படித்துவிட்டு, அப்பாவின் புத்தகத்தைக் கணினியில் போட்டால் தேதி சொல்லிவிடுமா என்று கேட்டால், சொல்லாது. அது சொல்வது வாய்ப்பை மட்டுமே. நூறு பேர் இதே பாதையில் வந்தால் அவர்களில் இத்தனை பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் இது நேரலாம் என்பதுதான் அதன் பேச்சு. அந்த நூறில் அப்பா யார் என்று அதற்குத் தெரியாது. பாதையை நேர்க்கோடு என்று நினைத்துக் கணக்குப் போட்டு, உண்மையில் அது வளைந்திருந்தால் விடையும் வளையும். வந்தவர்கள் ஏன் வராமல் போனார்கள் என்பதற்கும் எழுதியிருக்கும் எண்களுக்கும் சம்பந்தமே இல்லையென்றால், உதாரணமாகப் பேருந்துக் காசு இல்லாமல் நின்றவர், வேலை இடத்தில் விடுப்புக் கிடைக்காமல் நின்றவர், இவர்களைக் கணினி தானாகக் கண்டுபிடிக்காது. காரணத்தை யாராவது கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சேர்த்த ஏடுகளில் பழகிய மாதிரியை இங்கே அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. நம்மவர்களுக்கு இனிப்பு நீர் பலமுறை இளவயதிலேயே வருகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புதிதாக டயலிசிஸ் தொடங்குவோருக்கு அதுவே முதன்மைக் காரணம். வெளியில் செய்த மாதிரியை முதலில் உள்ளூர் ஏடுகளோடு ஒப்பிட்டு, எங்கே தவறுகிறது என்று பார்த்துச் சரி செய்த பிறகே பயன்படுத்த வேண்டும். அதற்கு ஒரே நோயாளியின் பல ஆண்டு எண்கள் அறுபடாமல் ஓரிடத்தில் வேண்டும். கிளினிக் மாறும்போது பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடுபவர்கள் நம்மில் அதிகம். புதிய மருத்துவர் முன் உட்காரும்போது இன்றைய தாளோடு பழைய புத்தகத்தையும் நீட்டி, "டாக்டர், எண் எவ்வளவு என்பது இருக்கட்டும், எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போகிறது?" என்று கேளுங்கள். கணினி இல்லாமலே அவர் அந்தப் பக்கங்களைப் புரட்டத் தொடங்குவார்.